தனி வியோலா, நீண்ட சுரம்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வியோலா வாசிக்கிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் பிள்ளைகளுக்கு வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன். மினிமலிசம் என்று சொல்லப்படும், மெதுவாகப் போகிற, சுரம் குறைந்த, துணை இல்லாத வியோலா இசையை எங்கே வாசித்தாலும், முடிந்ததும் பக்கத்தில் வந்து கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. கேட்பவர்கள் தேவாரம் பாடும் ஆயாக்கள், பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கும் மாமாக்கள், யூனிசா பல்கலைக்கழகத்தின் இசைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

வியோலான்னா என்ன தம்பி, பெரிய சைஸ் வயலினா?

பார்வைக்கு அப்படித்தான். தோளில் வைத்து வில்லால் வாசிப்பதும் அதே மாதிரிதான். தந்திகள்தான் வேறு. வயலினுக்கு ஜி, டி, ஏ, ஈ. வியோலாவில் உச்சியில் இருக்கும் ஈ கிடையாது, அதற்குப் பதிலாக அடியில் ஒரு சி தந்தி வரும்.

நம் பாடகர்கள் சுருதிக்குச் சொல்லும் கட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜமம், அதாவது ‘ச’, சுமார் 131 ஹெர்ட்ஸ். வியோலாவின் சி தந்தியை விரல் வைக்காமல் இழுத்தால் அதே சுரம் வரும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஷட்ஜமம் 196 ஹெர்ட்ஸ். அது பக்கத்திலுள்ள ஜி தந்தி. ஆணும் பெண்ணும் பாடுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் வாத்தியம் இது.

அளவிலும் ஒரு விசித்திரம் உண்டு. வயலினின் உடல் சுமார் 35.5 செ.மீ. வியோலா அதைவிட ஒரு பஞ்சமம் (ச-விலிருந்து ப வரையுள்ள தூரம்) கீழே ஒலிப்பதால், அதே விகிதத்தில் செய்தால் 53 செ.மீ. வரும். அதை யாரும் தோளில் தாங்க முடியாது. ஆகவே பெரும்பாலும் 38 முதல் 43 செ.மீ.க்குள் செய்கிறார்கள். அந்தச் சுருதிக்கு இந்தப் பெட்டி சிறியது. கீழ்த் தந்திகளில் கேட்கிற கம்மலான, லேசாகக் கரகரக்கும் நாதம் அதனால்தான் வருகிறது. இதைக் குறை என்று சொன்னவர்கள் நிறையப் பேர். இந்த வகை இசையை எழுதியவர்கள் அந்தக் குறையைத் தேடித்தான் வியோலாவிடம் வந்தார்கள்.

தனியாவா? பக்கவாத்தியம், பியானோ ஒண்ணும் கிடையாதா?

கிடையாது. ஆர்கெஸ்ட்ராவில் வியோலாவுக்கு வெகுகாலம் நடுக்குரலை நிரப்புகிற வேலைதான். தனியாக நின்று வாசிக்க எழுதப்பட்டவை சொற்பம். மாக்ஸ் ரேகர் 1915-இல் மூன்று தொகுப்புகள் எழுதினார். தானே வியோலா கலைஞரான பால் ஹிண்டமித் 1919-இல் தன் முதல் தனி சொனாட்டாவை எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்தப் பாதை அகலமானது. பாக் செலோவுக்கு எழுதிய தொகுப்புகளை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசிப்பதும் வழக்கம். தனி வியோலா எப்படி ஒலிக்கும் என்று காது பழக அதைவிட நல்ல வழி இல்லை.

மினிமலிசம்னா ஒண்ணுமே செய்யாம சும்மா இழுக்கறதா?

இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சின்ன சின்ன சுரக்கோவைகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, மெல்ல மாற்றிக்கொண்டே போவது. டெரி ரைலி 1964-இல் எழுதிய ‘இன் சி’, பிறகு ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் எல்லாம் அந்த வழி. மற்றொன்று, சுரத்தை நீட்டிப் பிடித்து அதற்குள் நடப்பதைக் கேட்பது. லா மான்ட் யங் போனது இந்த வழியில். தனி வியோலாவில் நான் வாசிப்பவை பெரும்பாலும் இரண்டாவது வழியைச் சேர்ந்தவை.

‘ஒன்றும் செய்யாமல்’ என்பது மட்டும் சரியில்லை. வில்லின் வேகம், அழுத்தம், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறோம் என்ற மூன்றும் ஒவ்வொரு நொடியும் மாறுகின்றன. விரல் பலகையின் மேல் இழுத்தால் புல்லாங்குழல் மாதிரி மூச்சு கலந்த ஒலி. குதிரைக்கு அருகே இழுத்தால் கண்ணாடிக் கீறல் மாதிரி, அந்தச் சுரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மெல்லிய மேற்சுரங்கள் கிளம்பும். சுரம் ஒன்றேதான், ஆனால் ஒலி ஒன்றாக இருப்பதில்லை.

இது நம்ம தம்புராதானே? நம்மகிட்டேருந்து எடுத்துட்டுப் போயி நமக்கே காட்டுறாங்களா?

பாதி உண்மை. கிரானா கரானா என்ற இந்துஸ்தானி மரபைச் சேர்ந்த பாடகர் பண்டிட் பிராண்நாத் 1970-இல் நியூயார்க் போனார். லா மான்ட் யங்கும் டெரி ரைலியும் அவருக்குச் சீடர்கள் ஆனார்கள். பிலிப் கிளாஸ் 1960-களில் பாரிஸில் ரவிசங்கரோடு வேலை செய்தார். இன்றைக்கு இசையமைப்பாளராகவும் வியோலா கலைஞராகவும் இருக்கும் கேத்தரின் லாம், துருபத் என்ற பழைய இந்துஸ்தானி பாட்டு முறை அறிந்த திரைப்பட இயக்குநர் மணி கவுலிடம் படித்தவர். இவர்கள் யாரும் இதை மறைக்கவில்லை.

ஆனால் மற்றப் பாதி வேறு இடங்களிலிருந்து வந்தது. எஸ்டோனியாவின் ஆர்வோ பார்ட் 1976-இல் தன் பாணியைக் கண்டது பழைய தேவாலயப் பாட்டிலிருந்தும் மணியோசையிலிருந்தும். பிரான்ஸின் எலியான் ராடிக் பல பத்தாண்டுகள் சிந்தசைசரோடு இருந்தவர். ஜான் கேல் என்ற வெல்ஷ்காரர் 1960-களின் நடுவில் யங்கின் குழுவில் வியோலா வாசித்தார். குதிரையைத் தட்டையாகச் சீவி, பல தந்திகளை ஒரே நேரத்தில் இழுத்து, மின்பெருக்கி வழியாக அலற விட்டார். அதைக் கேட்டால் தம்புரா நினைவு வராது, விமான எஞ்சின்தான் நினைவுக்கு வரும்.

எனக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். நமக்குத் தம்புரா பின்னால் இருக்கும், அதன்மேல் ராகம் நடக்கும். இங்கே பின்னால் இருந்தது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதற்குமேல் எதுவும் வராது. வரும் வரும் என்று காத்திருந்தால் கடைசிவரை ஏமாற்றம்தான்.

எதிலேருந்து கேக்க ஆரம்பிக்கணும்?

முதலில் சின்னதாக ஆரம்பியுங்கள். ஹங்கேரி இசையமைப்பாளர் குர்தாக்கின் ‘குறிகள், விளையாட்டுகள், செய்திகள்’ என்ற தொகுப்பில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டுகள் இருக்கின்றன. வியோலா கலைஞர் கிம் கஷ்கஷியான் அதை இசையமைப்பாளர் லிகெட்டியின் தனி சொனாட்டாவோடு சேர்த்துப் பதிவு செய்தார். 2012-இல் வெளியான அந்த இசைத்தட்டுக்கு 2013-இல் கிராமி கிடைத்தது. கண்டிப்பான அர்த்தத்தில் இது மினிமலிசம் இல்லை. ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கலாம் என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டாது.

அப்புறம் ஜான் கேஜ் 1948-இல் எழுதிய ‘டிரீம்’. பியானோவுக்கு எழுதியது, வியோலாவிலும் வாசிக்கிறார்கள். தனி வியோலாவே கடினமாக இருந்தால் துணையோடு வருகிறவற்றைக் கேளுங்கள். பார்ட்டின் ‘ஸ்பீகல் இம் ஸ்பீகல்’ வயலினுக்கும் பியானோவுக்கும் 1978-இல் எழுதப்பட்டது, வியோலாவிலும் அழகாக உட்காரும். மார்ட்டன் ஃபெல்ட்மனின் ‘ராத்கோ சேப்பல்’ 1971-இல் எழுதியது. அதில் கோரஸும் தாள வாத்தியமும் சூழ்ந்திருக்க, கடைசியில் வியோலா ஒரு எளிய மெட்டை எடுக்கும். ஃபெல்ட்மன் சிறு வயதில் போட்ட மெட்டு அது. அதற்குப் பிறகு, கீழே சொல்லப்போகிற ஷெல்சியின் ‘மான்டோ’, ராடிக்கின் ‘ஒக்காம் நான்கு’ என்று போகலாம். நேராக ராடிக்கில் குதித்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

போன்ல போட்டுக் கேட்டேன், ஒண்ணுமே விளங்கலியே?

விளங்காது. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கர் 131 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்காது. சி தந்தியின் அடிநாதம் போய், மேலே மிதக்கும் மேற்சுரங்கள் மட்டும் தகரம் மாதிரிக் கேட்கும். சாதாரண இயர்போன் போதும். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். உங்கள் அறையில் ஒருவர் மெதுவாகப் பேசுகிற அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு நிமிஷத்துல தூக்கம் வந்துடுது அண்ணா. எனக்குத்தான் ஞானம் இல்லையோ?

தூங்கினால் தூங்குங்கள், குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கம் வருவது பெரும்பாலும் காது அடுத்த மெட்டைத் தேடிச் சலித்துப்போவதால்தான். தேடுவதற்கு வேறு ஏதாவது கொடுத்துப் பாருங்கள். வில் திரும்புகிற இடம் கேட்கிறதா? சுரத்தின் மேலே இன்னொரு மெல்லிய சுரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டு தந்தி சேரும்போது ‘வவ்வவ்’ என்று ஒரு துடிப்பு வருகிறதே, அது வேகமாகிறதா, மெதுவாகிறதா?

பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்திருப்பீர்களே, அதுதான் இந்தத் துடிப்பு. இரண்டு சுரங்கள் நெருங்கி, ஆனால் ஒன்றாகாமல் இருக்கும்போது உண்டாவது. 196-உம் 198-உம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு விம்மல். சில படைப்புகளில் தாளம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

தியான இசைதானே இது? எங்க யோகா கிளாஸ்ல போடலாமா?

போட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை, அவ்வளவுதான். பின்னால் ஓடவிட்டு வேறு வேலை செய்ய எழுதப்பட்ட இசை வேறு, அது ஏராளமாகக் கிடைக்கிறது. இந்தப் படைப்புகளில் பல மனதை அமைதிப்படுத்துவதே இல்லை. ஜெரார் கிரிஸே 1976-இல் தனி வியோலாவுக்கு எழுதிய ‘ப்ரோலோக்’ மூச்சு விடுகிற மாதிரி அமைதியாகத் தொடங்கும், போகப்போகப் பதற்றம் ஏறும். அதைச் சவாசனத்தில் போட்டால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

சுரமெல்லாம் மொட்டையா நிக்குதே. கமகம் எங்கே?

கர்நாடக இசை கற்றவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. மிகவும் நியாயமான கேள்வி. நமக்குச் சுரம் என்றாலே அசைவு. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆடாமல் நிறுத்தினால் அது தோடியே இல்லை. அந்தக் காதோடு வந்து உட்கார்ந்தால், அசையாத சுரம் சமைக்காத அரிசியாகத்தான் தெரியும்.

இங்கே விரலை நிறுத்துவது வேண்டுமென்றே செய்வது. கமகம் வந்தால் காது அந்த அசைவின் பின்னால் போய்விடும், சுரத்தின் உள்ளே இருக்கும் மேற்சுரங்களைக் கேட்காது. மேற்கத்திய வாசிப்பில் வழக்கமாக வருகிற விரல் நடுக்கமான வைப்ரட்டோவையும் இதே காரணத்துக்காகப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். விரல் சும்மா இருக்கும்போது வில் பேச ஆரம்பிக்கும்.

எல்லாரும் அப்படி இல்லை. இத்தாலியின் ஜச்சிந்தோ ஷெல்சி 1957-இல் எழுதிய ‘மான்டோ’வில் சுரம் கால் சுரம், அதற்கும் குறைவாக நழுவிக்கொண்டே இருக்கும். மூன்றாம் பகுதியில் வாசிப்பவரே பாடவும் வேண்டும். கமகக்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஷெல்சியைத்தான். எங்கள் மிருதங்க மாமா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, ‘இவனுக்கு யாரோ நம்ம ஆளு சொல்லிக்கொடுத்திருக்கான்’ என்றார். இல்லை மாமா என்று சொன்னேன், நம்பவில்லை.

சில இடத்துல அபசுரமா கேக்குதே. அது தப்பா, வேணும்னே வாசிக்கிறதா?

பெரும்பாலும் வேண்டுமென்றேதான். இதைப் புரிந்துகொள்ள நம் தம்புராவே போதும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு சுரம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். தந்தி ஐந்து பாகமாக அதிரும்போது பிறக்கிற ஐந்தாம் மேற்சுரம் அது. அதை பியானோவின் அதே சுரத்தோடு ஒப்பிட்டால் 14 சென்ட் கீழே இருக்கும். அரைச் சுரம் என்பது 100 சென்ட். பியானோவில் பழகிய காதுக்கு அது இறங்கிக் கேட்கும், தம்புராவில் பழகிய காதுக்கு அதுதான் சரி.

ஏழாம் மேற்சுரம் பியானோவைவிட 31 சென்ட் கீழே. பதினொன்றாவது 49 சென்ட், கிட்டத்தட்ட இரண்டு சுரத்துக்கு நட்டநடுவில். லிகெட்டி 1991-க்கும் 1994-க்கும் இடையில் எழுதிய தனி வியோலா சொனாட்டாவின் முதல் பகுதி ‘ஹோரா லுங்கா’. முழுவதும் சி தந்தி ஒன்றிலேயே வாசிக்க வேண்டும். வியோலாவில் இல்லாத ஒரு எஃப் தந்தி கீழே இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் ஐந்தாம், ஏழாம், பதினொன்றாம் மேற்சுரங்களின்படி விரல் வைக்கச் சொல்கிறார். எவ்வளவு இறக்க வேண்டும் என்று நோட்டில் அம்புக்குறி போட்டே காட்டியிருக்கிறார்.

சரி, வாசிப்பவர் உண்மையிலேயே தப்பு செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வேண்டுமென்று வைத்த சுரம் அசையாமல் நிற்கும், அதே இடத்தில் திரும்ப வரும். தப்பான சுரம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும்.

இதையெல்லாம் நோட்டுல எப்படி எழுதுறாங்க?

வழக்கமான வியோலா நோட்டு, நடுக்கோட்டில் சி இருக்கும் ஆல்டோ குறியில்தான். அதன்மேல் வில் எங்கே, எவ்வளவு மெதுவாக என்றெல்லாம் சொற்களும் குறிகளும் சேரும்.

எலியான் ராடிக்கின் ‘ஒக்காம்’ வரிசை இதற்கு நேர் எதிர். 2011-இல் ஹார்ப் வாத்தியத்தோடு தொடங்கியது. நான்காவது, வியோலா கலைஞர் யூலியா எக்கார்ட்டுக்காக. எழுதிய நோட்டே கிடையாது. வாசிப்பவர் அவரிடம் போய் எதிரே உட்கார்ந்து, நீர் சம்பந்தமான ஒரு காட்சியை மனதில் வைத்து, பேசியும் வாசித்தும் படைப்பை உருவாக்கிக்கொள்வார்கள். கடையில் வாங்க முடியாது, பார்த்து வாசிக்க முடியாது. ‘குரு வாயிலிருந்து சிஷ்யன் காதுக்கு’ என்று நாம் சொல்கிறோமே, ஐரோப்பாவில் ஒருவர் அதையே புதிய இசைக்கு வழியாக எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள், அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது.

இந்த நாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, எல்லாம் வெளிநாட்டுச் சரக்கா?

இருக்கிறது, நம் பக்கத்திலேயே. ஜூலு மக்களின் உகுபு என்ற வில் வாத்தியத்தில் ஒரே ஒரு தந்தி, அடியில் ஒரு சுரைக்குடுக்கை. தந்தியை விடுவதும் கிள்ளிப் பிடிப்பதுமாக இரண்டே அடிநாதம், அரைச் சுர இடைவெளியில். குடுக்கையின் வாயை மார்பில் ஒட்டியும் விலக்கியும் மேற்சுரங்களை வெளியே எடுப்பார்கள். இளவரசி மகோகோ காடினுசுலு, 1900-இல் பிறந்து 1984-இல் மறைந்தவர், இதன் பெரிய கலைஞர். அவருடைய பதிவுகளைக் கேட்டபின் மேலே சொன்ன மேற்சுரக் கணக்கு தானாகப் புரியும். மினிமலிசம் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்த கேட்கும் முறை அது.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் 1949-இல் பிறந்த இசையமைப்பாளர் கெவின் வோலன்ஸ் ஜெர்மனியில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர். ஆப்பிரிக்க இசையைக் கேட்டு எழுதிய ‘ஒயிட் மேன் ஸ்லீப்ஸ்’ படைப்பைப் பிறகு நால்வர் குழுவுக்கு மாற்றினார், குரோனோஸ் குவார்ட்டெட் அதை உலகமெங்கும் வாசித்தது. அது தனி வியோலா இல்லை, ஆனால் இந்த மண்ணிலிருந்து போனது. இன்னொன்று, சொவெட்டோவின் டீப்க்லூஃபில் 1997-இல் திறந்த பஸ்கெய்ட் தந்தி இசைப் பள்ளி. அதை ஆரம்பித்த ரோஸ்மேரி நால்டன் வியோலா கலைஞர்தான்.

என் பொண்ணு வயலின் வாசிக்கிறா. வியோலாவுக்கு மாத்தலாமா?

மாறலாம், வயலினை விடாமலே. விரல் பழக்கம் உதவும். புதிதாகக் கற்க வேண்டியது ஆல்டோ குறியை வாசிப்பதும், கனமான தந்தியைப் பேசவைக்கும் கை எடையும். பெரியவர்களுக்கு 15 முதல் 16½ அங்குலம் வரை வியோலாக்கள் கிடைக்கும். பிள்ளைகளுக்கு 12, 13 அங்குலத்தில் உண்டு. அதுவும் கிடைக்காவிட்டால் வயலினிலேயே வியோலா தந்திகளைப் போட்டுக் கொடுப்பார்கள். கை சின்னதாக இருக்கும்போது பெரிய வியோலாவைத் திணிக்காதீர்கள். தோள்வலி வந்தால் இசையே வெறுத்துவிடும்.

ரெண்டு சுரம்தானே. மூணாம் கிரேடு பையனே வாசிச்சிடுவானே?

சுரங்களை வாசித்துவிடுவான். ஒரே வில்லை இருபது, முப்பது விநாடி நடுங்காமல் இழுக்கச் சொல்லிப் பாருங்கள். சைக்கிளை வேகமாக ஓட்டுவது எளிது, நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் ஓட்டுவதுதான் கஷ்டம். மெதுவான வில்லில் கையின் நடுக்கம், இதயத்துடிப்பு, பதற்றம் எல்லாம் ஒலியாக வெளியே வந்துவிடும். வேகமான பாட்டில் நூறு சுரத்துக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம், இங்கே ஒளிய இடமில்லை.

கர்நாடக முறையில கீழ உக்காந்து, ச-ப-ச-ப சேர்த்து வாசிக்கலாமா?

தாராளமாக. பாலமுரளிகிருஷ்ணாவே வியோலா வாசித்தவர். சி, ஜி இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, டி தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கி சி ஆக்குங்கள், ஏ தந்தியை இறக்கி ஜி ஆக்குங்கள். ஒரு கட்டைக்கு ச-ப-ச-ப வந்துவிடும். இறக்குவதால் வாத்தியத்துக்கு ஆபத்தில்லை. தந்தி கொஞ்சம் தளர்ந்து, ஒலி இன்னும் மிருதுவாகும்.

இந்த இசைக்கு அது நல்லதுகூட. எல்லாத் தந்தியும் ஒரே சுருதியைச் சேர்ந்ததால், ஒன்றை இழுத்தால் மற்றவை தானாக அதிரும். எழுதப்பட்ட படைப்புகளை மட்டும் அப்படி வாசிக்க வேண்டாம், அவை சி-ஜி-டி-ஏ கணக்கில் எழுதியவை.

டர்பன் ஈரத்துல வாத்தியம் தாங்குமா?

தாங்கும், கவனித்தால். டிசம்பர் முதல் மார்ச் வரை மரம் ஈரம் குடித்து உப்பும், தந்தியை முறுக்கும் பிருடை இறுகித் திரும்பாது, வில்லின் முடி நீண்டு தொய்யும். ஜூலையில் அதே வாத்தியத்தை ஜோஹன்னஸ்பர்க் கொண்டுபோனால் தலைகீழ். அங்கே வறண்ட குளிர், பிருடை வழுக்கி எல்லாத் தந்தியும் அவிழும், பெட்டியின் ஓரம் பிளக்கவும் செய்யும். பிருடைக்கென்றே விற்கும் பெக் பேஸ்டைத் தடவுங்கள், வாசித்ததும் வில்லைத் தளர்த்துங்கள், வாத்தியத்தை வைக்கும் உறைப்பெட்டிக்குள் ஒரு ஈரமானி வையுங்கள். 40-க்கும் 60-க்கும் இடையே சதவீதம் இருந்தால் நிம்மதி. கார் டிக்கியில் மட்டும் வைக்கவே கூடாது. இதை ஒட்டியிருப்பது விலங்குத் தோல் பசை, வெயிலில் இளகிவிடும்.

தோல் பசையா? அப்போ கோயில்ல வாசிக்கலாமா? தந்திகூட குடல்ல செய்வாங்களாமே?

முன்பு ஆட்டுக் குடலில் செய்தார்கள், இன்றும் சிலர் விரும்பி வாங்குகிறார்கள். நாங்கள் போடுவது பெரும்பாலும் எஃகு அல்லது செயற்கை இழை. வில்லில் இருப்பது குதிரை வால் முடி. இதெல்லாம் ஆட்சேபம் என்றால் மிருதங்கத்தையும் தவிலையும் என்ன செய்வது என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. முடிவு கோயில் கமிட்டியுடையது, அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

என் அபிப்பிராயம் வேறு காரணத்தால்: பூஜை நேரத்தில் வேண்டாம். தீபாராதனை மணிக்கும் மேளத்துக்கும் நடுவில் இது காணாமல் போகும், போகவும் வேண்டும், அது அவற்றின் நேரம். சாயங்காலம் கல்யாண மண்டபம் காலியாக இருக்கும்போது வாசியுங்கள். காவடி நாளில் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.

எங்க தாத்தா காரியத்துக்கு வாசிக்க முடியுமான்னு கேக்கலாமா?

கேட்கலாம், சிலர் கேட்டிருக்கிறார்கள். தேவாரம் முடிந்த பிறகு, ஐந்து நிமிடத்துக்குள். குர்தாக்கின் தொகுப்பில், மேலே சொன்னதுதான், இறந்தவர்கள் நினைவாக எழுதிய துண்டுகள் இருக்கின்றன, அவை பொருந்தும். தாத்தாவுக்குச் சினிமாப் பாட்டு பிடித்திருந்தால் அதையே வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், இதற்காகச் சண்டை போட வேண்டிய நாள் இல்லை அது.

வீட்டுலயே ஒரு சின்னக் கச்சேரி வைக்கணும். என்னென்ன ஏற்பாடு?

மைக் வேண்டாம். பதினைந்து, இருபது பேர் உட்காரும் அறை போதும். ஓடு போட்ட தரையாக இருந்தால் நல்லது, கம்பளம் ஒலியைக் குடித்துவிடும். நாற்பது நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். இடையில் கைதட்ட வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாமாக்கள் ‘பலே’ போடுவார்கள். டீயும் வடையும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தட்டுச் சத்தம் வேண்டாம்.

ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கும், ஆகவே பிப்ரவரியில் வைக்காதீர்கள். மே முதல் ஆகஸ்டுக்குள் வைத்தால் யாரும் வியர்க்க மாட்டார்கள். ஃபிரிட்ஜையும் அந்த நாற்பது நிமிடம் அணைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் ஃபிரிட்ஜின் ரீங்காரத்தில் 100-உம் 200-உம் இருக்கும். என் ஜி தந்தி 196. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு நான்கு விம்மல், நான் வாசிக்காத தாளம் ஒன்று அறைக்குள் ஓட ஆரம்பிக்கும். லோட் ஷெடிங் நாட்களில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை.